ஆறாவது எண்

தொலைபேசிக் கொட்டகைக்கு வெளியே வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. கொட்டகை என்று பெயர்தான். உள்ளே ஓர் ஆள் நிற்கலாம். உட்கார்ந்தால் முழங்கால் கதவில் இடிக்கும். பக்கத்திலிருந்த கோழிக்கூண்டுக்காவது ஜன்னல் இருந்தது. வீட்டுக்குள் தொலைபேசியை விட்டால் அதன் பின்னாலேயே உலகமும் நுழைந்துவிடும் என்று, காரும் மின்சாரமும் வேண்டாமென வாழும் அமெரிக்க ஆமிஷ் கிறிஸ்தவச் சபை எப்போதோ முடிவுசெய்து, ஒன்பது குடும்பங்களுக்கு ஒன்றாக அதைச் சாலையோரத்தில் நிறுத்திவைத்திருந்தது. உலகத்துக்கு அவசரம் என்றால் அங்கேயே மணியடித்துவிட்டுப் போகட்டும்.

இப்போது அவசரம் மாநில வரித்துறைக்கு. கொட்டகையை ஒட்டி வெர்லின் டகெட்டின் வெள்ளை வேன் நின்றது. மடியில் கணினி, இறக்கிய கண்ணாடியில் முழங்கை, முகத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் பாதிரியாரின் களை. கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வேன் ஜன்னலுக்கு வந்து, குனிந்து, முந்தைய மாத விற்பனையை முணுமுணுப்பார்கள். வெர்லின் தட்டுவார். உடனே கொட்டகைக்குள் மணி அடிக்கும். முணுமுணுத்தவர் ஓடிப்போய் எடுத்தால் மாநிலத்தின் இயந்திரக் குரல்காரி ஆறு எண்களைச் சொல்வாள். அவற்றை அவர் அங்கிருந்தே கத்த, வெர்லின் மறுபடி தட்ட, கத்தியவர் கடைக்காரர்தான் என்று மாநிலம் திருப்தியடைந்து அவர் வங்கிக் கணக்கிலிருந்து விற்பனை வரியை உருவிக்கொள்ளும். இருபதாம் தேதி என்றால் இந்தச் சடங்குதான்.

முன்பெல்லாம் காசோலையை உறையில் போட்டு அனுப்பினால் வேலை முடிந்தது. பிறகு ஒரு கடிதம் வந்தது: இனி காசோலை செல்லாது, எல்லாரும் இணையம் வழியாகத்தான் கட்டவேண்டும். மத நம்பிக்கை காரணமாக விலக்கு வேண்டுவோர் தாராளமாக விண்ணப்பிக்கலாம், விண்ணப்பம் இணையத்தில் மட்டும் பெறப்படும் என்றும் அதில் இருந்தது. பிஷப் மெனோ ஹெர்ஷ்பெர்கர் மூன்று ஞாயிற்றுக்கிழமை யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். சபையைச் சேர்ந்த யாருடைய கையும் கணினியைத் தொடக்கூடாது. இங்கிலீஷ்காரர் ஒருவர் தொட்டால் அது அவர் பாடு. சபைக்கு வெளியே இருக்கும் அத்தனை பேரும் இங்கிலீஷ்காரர்கள்தான், பாட்டன் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தாலும். அப்படித்தான் வெர்லின் வந்து சேர்ந்தார். மாட்டுத்தீவனம் விற்று ஓய்வு பெற்றவர். 'ஆமிஷ் மக்களின் நல்லுறவுத் தூதர்' என்று அவராகவே முகவரி அட்டை அடித்துக்கொண்டார். கூலி வாங்கமாட்டார். வேனின் பின்பக்கத்தைத் திறந்து வைப்பார், அவ்வளவுதான். சாயங்காலம் அது மூடும்போது இரண்டு ஆப்பிள் கேக், ஒரு கூடை முட்டை, காலாண்டுக்கு ஒருமுறை பன்றியின் பின்தொடை ஒன்று உள்ளே இருக்கும்.

லோவினா கிங்கெரிச் வரிசையில் கடைசி. ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, சொந்தமாக ஒரு பலசரக்குக் கடை, அதிலேயே பேக்கரி. சனிக்கிழமை காலையில், இலவங்கப்பட்டை தூவிச் சுருட்டிச் சுட்ட அவளுடைய பட்டை ரோலுக்காகப் பக்கத்து மாவட்டத்திலிருந்தெல்லாம் கார்கள் வந்து நிற்கும். அதைப் பற்றி அவள் பெருமைப்படுவதில்லை. பெருமைப்படுவதில்லை என்பதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அவள் ஜன்னலுக்கு வந்தபோது வெர்லின் கணினியை மூடிவிட்டார்.

"பாட்டரி படுத்துருச்சு லோவினா."

"இப்பத்தானே சலோமாவுக்குப் போட்டீங்க?"

"ஆமா, அதுலதான் தீந்துது." அவர் மடியிலிருந்து கணினியை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்தார். அதன் ஓரத்தில் பச்சை விளக்கு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. "உன் வாசல்ல மட்டும்தான் பலகை இல்லை. வரும்போது பாத்தேன். என்னமோ பல்வரிசையில ஒரு பல்லு விழுந்த மாதிரி இருக்கு."

பலகை விஷயம் அவளுக்குத் தெரியும். நவம்பரில் மாவட்டத்தில் ஓட்டு: விற்பனை வரியை டாலருக்கு அரைக் காசு உயர்த்துவது. அந்த அரைக் காசுகளைத் திரட்டி நெடுஞ்சாலை ஓரத்தில் 'எளிய மக்கள் பாரம்பரிய மாளிகை' என்று ஒன்று எழும்பும். எளிய மக்களுக்கு எதற்கு மாளிகை என்று கேட்க ஆளில்லை. அதன் முதல் இயக்குநர் யார் என்றும் யாரும் கேட்கவில்லை. வெர்லின் அதற்கும் முகவரி அட்டை அடித்துவிட்டார். 'அரைக் காசு, ஆயிரம் ஆண்டுப் பாரம்பரியம்' என்று எழுதிய பலகைகள் எட்டுக் கடை வாசலிலும் ஊன்றியாயிற்று. ஆமிஷ்காரர்கள் இந்த நாட்டுக்கு வந்தே முந்நூறு வருடம் ஆகியிருக்காது. மீதி எழுநூறை வெர்லின் கையிலிருந்து போட்டிருந்தார்.

"நாங்க ஓட்டே போடறதில்லையே," என்றாள்.

"நீங்க போடவேண்டாம். உங்க வாசல்ல பலகையப் பாத்துட்டு எங்காளுங்க போடுவாங்க. ஆமிஷ்காரங்களே கேக்கறாங்கன்னா எவன் இல்லேன்னு சொல்லுவான்?"

"நான் கேக்கலையே."

வெர்லின் சிரித்தார். பிறகு ஒரு சுருளை விரித்து ஜன்னல் வழியாகக் காட்டினார். வரைபடம். நடுவில் கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் வெள்ளைத் தொப்பியும் கறுப்பு ஏப்ரனுமாக மெழுகுப் பெண் ஒருத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு லோவினாவின் மூக்கு. பக்கத்தில் ஒரு விற்பனை மேடை, அதன்மேல் 'அசல் ஆமிஷ் பட்டை ரோல்' என்ற எழுத்து.

"இந்த ரோலை யாரு போடப்போறா?"

"அது ஏற்பாடாயிருச்சு." வெர்லினின் கண் கோழிக்கூண்டுப் பக்கம் போய்த் திரும்பியது. அங்கே சலோமா, லோவினாவின் தம்பி பெண்டாட்டி, கோழிகளுக்கு ஏற்கனவே போட்ட தீனியை மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள்.

லோவினாவுக்கு எல்லாம் புரிந்தது. அவள் கடையில் மாவு வாங்க வருகிறவனிடம் அவளே அரைக் காசு பிடுங்கி அனுப்பவேண்டும். அதை வைத்து அவள் மூக்கோடு ஒரு பொம்மை செய்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் ரோலை இன்னொருத்தி விற்பாள். இதற்கு அவள் வாசலில் அவளே பலகையும் ஊன்றவேண்டும்.

"வெர்லின், இன்னைக்கு இருபது. ஜூன்ல என் பணத்த வேற கடைக்குக் கட்டிட்டீங்க. ஆகஸ்ட்ல மீன் பிடிக்கப் போயிட்டீங்க. மூணாவது தடவை தாமதமானா கடை உரிமத்த ரத்து பண்ணுவோம்னு வரித்துறைக்காரன் எழுதியிருக்கான்."

"அதாம்மா நானும் சொல்றேன். பலகை எழும்பட்டும், பாட்டரியும் எழும்பிரும். வேன்ல ஒண்ணு வச்சிருக்கேன், சுத்தியலும் இருக்கு."

லோவினா திரும்பிப் பார்த்தாள். வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் குதிரையின் கடிவாளத்தை வெகு அக்கறையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பிஷப் மெனோ மட்டும் தாடியை நீவியபடி அருகே வந்தார். அவருக்கு மரச்சாமான் கடை. அவருடைய மூன்று மகன்களின் தச்சுக் கோஷ்டிக்குத்தான் மாளிகையின் மரவேலை என்பது ஊருக்கே தெரியும். அவருக்கு மட்டும் அது ஞாபகத்தில் இல்லை.

"பலகைதானே லோவினா. மரம். மரத்தை ஆண்டவர் படைச்சார்."

"மேல எழுதியிருக்கறத?"

"படிக்காம ஊனு."

அந்தச் சமயத்தில் அவள் வாயில் வந்ததைச் சபை முன்னால் மண்டியிட்டுத்தான் கழுவியிருக்க வேண்டும். நல்லவேளை, குதிரை தும்மியது. அவள் முழுங்கிக்கொண்டாள். வெர்லினிடம், "பாட்டரிய நல்லா வளத்துங்க," என்று சொல்லிவிட்டு நேராகக் கோழிக்கூண்டுக்குப் போனாள்.

சலோமாவோடு அவள் பேசி இரண்டு வருடம் ஆகிறது. ஒரே வளாகத்தில் இரண்டு வீடு, ஒரே கிணறு. பேச்சு வார்த்தை எல்லாம் தம்பி லெவி மூலமாகத்தான். அவனும் இரண்டு பக்கமும் பாதிதான் சொல்லுவான். காரணம் சிறியது. சலோமா ஒருமுறை தன் துணிக்கடையில் பட்டை ரோல் போட்டு விற்றாள். ஒரு சுற்றுலாக்காரி கடித்துப் பார்த்துவிட்டு, இதைக் கதவு சாத்தாமலிருக்க முட்டுக்கொடுக்கலாமே என்றாள். லோவினா சிரித்தாள். சுற்றுலாக்காரி போய்விட்டாள், சிரிப்பு மட்டும் போகவில்லை.

"நான் நூலகத்துக்குப் போறேன்," என்றாள் லோவினா, முகத்தைப் பார்க்காமல். "அங்க கம்ப்யூட்டர் இருக்கு. மணி இங்கதான் அடிக்கும். நம்பரக் கேட்டு நூலகத்துக்கு ஒரு போன் போட்டுச் சொல்லணும். அவ்வளவுதான்."

சலோமா தீனி டப்பாவைக் கீழே வைத்தாள். "என்னையா கேக்கற?"

"கோழியவா கேப்பேன்?"

"கேட்டாலும் கேப்ப. உனக்கு அதுங்கமேல மரியாதை உண்டு." பிறகு ஏப்ரனில் கையைத் துடைத்தாள். எதையோ கணக்குப் போடும்போது அவள் அப்படித் துடைப்பாள். "சரி போ. மணி அடிச்சா எடுக்கறேன்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது நல்லதாகப் படவில்லை. ஆனால் வேறு ஆளில்லை. மற்றவர்கள் வாசலிலெல்லாம் பலகை இருந்தது. சலோமா வாசலிலும்தான் இருந்தது. இருந்தாலும் கொட்டகை அவள் நிலத்தில், மணி அடித்தால் முதலில் கேட்பது அவள் காதில்.

நூலகம் ஐந்து மணிக்கு மூடும். லோவினா குதிரையை அதன் வயதுக்கு மீறி விரட்டினாள். இருபுறமும் அறுவடை முடிந்த சோளக்காடு, மழிக்காத தாடிபோல முள்ளுமுள்ளாக. பெரிய லாரிகள் அவளைத் தாண்டும்போது வேண்டுமென்றே ஹாரன் அடித்தன. எப்போதும் அவள் தலை குனிந்துகொள்வாள். இன்று ஒரு லாரிக்காரனை நிமிர்ந்து முறைத்தாள். அவன் உற்சாகமாகக் கையாட்டிவிட்டுப் போனான்.

நூலகக்காரி ட்ரூடி ஹால்வர்சன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு நேர் மேலே கூரை ஒழுகி, ஈரம் கூரைப் பலகையில் வரைபடம் போட்டிருந்தது. தரையில் மூன்று வாளிகள்.

"வாங்க வாங்க," என்றாள் ட்ரூடி. "உங்காளுங்க யாரும் இங்க வந்து நான் பாத்ததே இல்ல. மாளிகைக்கு நன்கொடை கேட்டு வந்தீங்களா?"

"வரி கட்ட வந்தேன். கம்ப்யூட்டர் வேணும்."

"அதோ இருக்கு. உக்காருங்க."

"நான் தொடக்கூடாது. நீங்கதான் தட்டணும்."

ட்ரூடி ஒரு விரலைத் தூக்கிச் சுவரைக் காட்டினாள். அங்கே ஒட்டியிருந்த அறிவிப்பின்படி, வாசகர்களின் வங்கி விவரங்களையோ வரி விவரங்களையோ நூலக ஊழியர் தட்டச்சு செய்யக்கூடாது. மீறினால் வேலை போகும். "இதுவும் வேதம்தான். மாவட்டக் கமிஷனர் கையெழுத்துப் போட்டது."

இரண்டு பெண்களும் கணினிக்கு இரண்டு பக்கமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அது தன்பாட்டில் மினுங்கிக்கொண்டிருந்தது.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி," என்றாள் ட்ரூடி, "இந்தக் கூரைக்காக நாங்க அரைக் காசு கேட்டோம். கூட்டத்துல உங்க வெர்லின் எந்திரிச்சு, ஏழைங்க ரொட்டியில கைவைக்கலாமான்னு அழுதார். நிஜமாவே கைக்குட்டை எடுத்தார். ஒம்பது ஓட்டுல தோத்தோம். அதே அரைக் காசு இப்ப உங்களுக்குப் பாரம்பரியம்."

"எங்க வெர்லின் இல்ல."

"உங்க வாசல்லதான் அவர் பலகை நிக்குது."

"என் வாசல்ல இல்ல."

ட்ரூடி அவளை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தாள். பார்வை கனியவில்லை. ஆனால் வேறு யாரையோ கடிக்கும் ருசி அதில் தெரிந்தது. "உங்க சட்டத்துல என்னதான் சொல்லியிருக்கு? வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க."

"சபையோர் கை கம்ப்யூட்டரத் தொடக்கூடாது."

"கை."

"கை."

மேசைமேல் ஒரு குவளை நிறையப் பென்சில்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் இளஞ்சிவப்பு ரப்பர். இருவருமே அதைப் பார்த்தார்கள். லோவினாவுக்குப் பிஷப்பின் மகன்கள் ஞாபகம் வந்தார்கள். அவர்கள் வீட்டில் மின்சாரம் பாவம். ஆனால் வேலைக்குப் போகிற இடத்தில் இங்கிலீஷ்காரன் கம்பியில் மாட்டி நாள் முழுக்கத் துளைபோடும் இயந்திரத்தை ஓட்டுவார்கள். மின்சாரம் நம்முடையது இல்லையே என்பார் பிஷப். பென்சிலும் தன்னுடையது இல்லை.

அவள் உட்கார்ந்தாள்.

கடையின் பதிவு எண், பெயர் என்று ஒவ்வொன்றாகப் பென்சில் முனையால் குத்தினாள். ட்ரூடி பின்னால் நின்று, "இடதுபக்கம், மேல, அதுக்கும் மேல," என்று வழி சொன்னாள். வழி சொல்லக்கூடாது என்று அறிவிப்பில் இல்லை. கடவுச்சொல் லோவினாவுக்குத் தெரியும். ஒன்பது கடைக்கும் வெர்லின் ஒரே சொல்லைத்தான் வைத்திருந்தார், தட்டும்போது ஜெபம்போல வாய்விட்டும் சொல்வார்: தன் பெயர், மறுபடியும் தன் பெயர், பின்னால் ஒரு ஆச்சரியக்குறி. ஆச்சரியக்குறிக்கு ஒரே நேரத்தில் இரண்டு விசைகளை அமுக்கவேண்டும் என்றாள் ட்ரூடி. லோவினா இரண்டாவது பென்சிலை எடுத்தாள். ஸ்வெட்டர் பின்னுகிற கைக்கு அது ஒரு பெரிய விஷயமில்லை.

திரை திறந்தது. அவள் கடையின் பெயர், செப்டம்பர் மாதம், இரண்டு தாமதங்கள் சிவப்பில். விற்பனையைக் குத்தினாள். வங்கிக் கணக்கைக் குத்தினாள். கடைசியில் மாநிலம் மரியாதையாகச் சொன்னது: உங்கள் தொலைபேசிக்கு ஆறு எண்களைச் சொல்லப்போகிறோம், அவை பத்து நிமிடம் செல்லும்.

குத்தினாள். எங்கேயோ, சோளக்காடுகளுக்கு அப்பால், ஒரு கொட்டகையில் மணி அடித்திருக்கவேண்டும்.

நூலகத் தொலைபேசி அடிக்கவில்லை. வாளியில் சொட்டுகிற தண்ணீர் மட்டும் கேட்டது. ட்ரூடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், லோவினா பார்க்கவில்லை. ஒரு நிமிடம் போயிருக்கலாம், இரண்டாக இருக்கலாம். அதன்பிறகு அடித்தது. ட்ரூடி எடுத்துக் கேட்டு நீட்டினாள்.

"கிடைச்சுது," என்றது சலோமாவின் குரல். "சுவத்துல கரியால எழுதி வச்சிருக்கேன். அழகா இருக்கு."

"சொல்லு."

"சொல்றேன். நீயும் சொல்லு."

"நான் என்ன சொல்ல?"

"மாவுல உருளைக்கிழங்கு சேக்கறியா இல்லையா? அதை மட்டும் சொல்லு. முதல் நம்பரத் தரேன்."

அந்தக் கை துடைத்தல் என்ன கணக்கு என்று லோவினாவுக்குத் தெரிந்தது. வெர்லின் மாளிகை மேடையைச் சலோமாவுக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் சலோமாவின் ரோல் இன்னமும் கதவுக்கு முட்டுக்கொடுக்கத்தான் ஆகும். மேடை இருக்கிறது, ரோல் இல்லை.

"சலோமா, இது மனுஷங்க பண்ற காரியமா?"

"என்னைப் பாத்துச் சிரிச்சியே, அது மனுஷங்க பண்றதா? நேரம் ஓடுது. அவ பத்து நிமிஷம்னுதான் சொன்னா, நல்ல பொண்ணு, ரெண்டு தடவை சொன்னா."

ட்ரூடி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருட நூலக வாழ்க்கையில் இப்படியொன்று அவளுக்கு வாய்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"சேக்கறேன்," என்றாள் லோவினா. "வேகவச்சு மசிச்சது."

"நாலு."

நாலைக் குத்தினாள்.

"அப்புறம்?"

"கிழங்கு வேகவச்ச தண்ணியக் கொட்டாத. அதுலதான் மாவு பிசையணும்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. எத்தனை வருடம் அந்தத் தண்ணீரைப் பன்றிக்கு ஊற்றியிருப்பாள். "ஒண்ணு," என்றாள் சலோமா.

"வெண்ணெய் இல்ல, பன்றிக் கொழுப்பு."

"அது எனக்கே தெரியும். அதுக்கு நம்பர் கிடையாது."

"தெரியும்னா ஏன் கல்லு மாதிரி வருது?"

"லோவினா!"

"சரி. மோர். பாலுக்குப் பதிலா மோர்."

"ஒம்பது."

இந்த விதமாக வியாபாரம் நடந்தது. ராத்திரி முழுக்க மாவை நிலவறையில் குளிரவைப்பதற்கு ஓர் எண், பட்டையை வாங்காமல் தானே இடிப்பதற்கு ஓர் எண். லோவினா ஒவ்வொன்றையும் கொடுக்கும்போது உடம்பிலிருந்து எதையோ அறுத்துக் கொடுப்பதுபோல இருந்தது. அதைவிட ஆச்சரியம், கொடுப்பதில் ஒரு வெறியும் இருந்தது. பதினாறு வயதிலிருந்து யாரிடமும் சொல்லாத விஷயம். கேட்க ஓர் ஆள் கிடைத்திருக்கிறாள், அதுவும் ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு. சலோமா அளவுக்கு அதன் அருமை தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்தில் இல்லை. பாவி.

திரையில் ஐந்து எண்கள் நின்றன. ஆறாவது கட்டம் காலியாக மினுங்கியது.

"கடைசி," என்றாள் சலோமா. "அந்த மேல்பக்கம் எப்படி அவ்வளவு மெத்துனு வருது? எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. அதைச் சொல்லு, முடிச்சுக்கலாம்."

அதுதான் முழு ரகசியமும். அடுப்பில் வைப்பதற்குச் சற்று முன்னால், வட்டவட்டமாக அடுக்கிய ரோல்களின்மேல் ஒரு கிண்ணம் பாலேடு ஊற்றுவாள். அது அடியில் இறங்கி வேகும்போது மேலே ஏறும். வேறொன்றும் இல்லை. அது இல்லாமல் மற்ற ஐந்தும் இருந்தால் நல்ல ரொட்டி வரும், ரோல் வராது. அதைக் கொடுத்தால் உரிமம் நிலைக்கும், ஆனால் அந்த உரிமத்தில் விற்க எதுவும் மிஞ்சாது. கொடுக்காவிட்டால் ரோல் மிஞ்சும், விற்கக் கடை இருக்காது.

"மூணு நிமிஷம்தான் பாக்கி," என்றாள் ட்ரூடி.

"வினிகர்," என்றாள் லோவினா.

"வினிகரா?"

"மாவு பிசைஞ்சு முடிக்கறப்ப ரெண்டு ஸ்பூன் வினிகர். வாசனை போயிரும். மெத்துனு ஆயிரும்."

எவ்வளவு சுலபமாக வந்தது. குரல் நடுங்கவில்லை. இன்று ஒரே நாளில் பிஷப்பை மனதுக்குள் வைதாயிற்று, கணினியில் உட்கார்ந்தாயிற்று, இப்போது பொய்யும். மண்டியிடுவதானால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தடவையாக மண்டியிட்டுக்கொள்ளலாம், முழங்காலுக்கு நல்லது.

மறுமுனையில் சலோமா அதை எடைபோடுகிறாள். கொட்டகைக்கு வெளியே கோழிகள் கொக்கரிப்பது கேட்டது.

"வினிகர்," என்று சலோமா மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "சத்தியமா?"

"நாம சத்தியம் பண்ணக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"ஆமா. பண்ணக்கூடாது." "ஏழு."

"ஏழா?"

"ஏழுதான். சுவத்துல தெளிவா இருக்கு."

லோவினா விசைப்பலகையைப் பார்த்தாள். சொன்ன விதம் சரியாக இருந்தது. நடுக்கமில்லை, அவசரமில்லை, இனிப்புகூடத் தடவியிருந்தது. வினிகர் என்று தான் சொன்னபோது தன் குரலும் அச்சாக இப்படித்தான் இருந்திருக்கும். சலோமாவுக்கு அவளைத் தெரிந்த அளவுக்கு அவளுக்கும் சலோமாவைத் தெரியும். ஒரே கிணற்றில் முப்பது வருடம் தண்ணீர் இறைத்தவர்கள். கடை மூடினால் மாளிகையின் மேடைக்குப் போட்டி இல்லை. ஏன் உண்மையைச் சொல்லவேண்டும்? அதே சமயம், ரோல் சரியாக வரவில்லை என்றால் திரும்பிவந்து கேட்க லோவினா இருக்கவேண்டுமே. அதற்காகவாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தப்பான எண் என்றால் மறுபடி கேட்கலாமா என்று திரும்பினாள்.

"ஒரே வாய்ப்புதான்னு போட்டிருக்கு," என்றாள் ட்ரூடி, திரையைப் படித்து. "தப்பானா நாளைக்குத்தான்." பிறகு குனிந்து பார்த்துவிட்டு, "பென்சில் எங்க?" என்றாள்.

பென்சில்கள் இரண்டும் லோவினாவின் மடியில் கிடந்தன. மூன்றாவது எண்ணிலிருந்தோ நாலாவதிலிருந்தோ அவள் வெறும் விரலால்தான் அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். இடியும் விழவில்லை, கூரைதான் சொட்டியது. விசை லேசாகச் சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலிபோல.

அவள் ஏழாம் எண்ணை அமுக்கினாள். பிறகு பெரிய விசையை அமுக்கினாள்.

திரையில் ஒரு சின்ன வட்டம் தோன்றிச் சுற்ற ஆரம்பித்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவே தொலைபேசி இன்னும் இருந்தது. சலோமா வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. கொட்டகைக்குள் சலோமா மூச்சுவிடுவது கேட்டது. இந்தப் பக்கத்து மூச்சு அங்கேயும் கேட்டிருக்கும். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.